காரின் முன்கண்ணாடிக்கு வீட்டிலேயே வாஷர் தண்ணீர் கலப்பது எப்படி?

வீட்டில் நான் முதன்முதலில் கலந்த வாஷர் தண்ணீர் கண்ணாடியைச் சுத்தம் செய்யவில்லை, அதன்மேல் வெள்ளையாக ஒரு படலத்தைப் பூசிவிட்டது. மாலை நேரம், எதிரே வெயில். லீவரை இழுத்தேன், வைப்பர் இரண்டு முறை போய் வந்தது, சாலையே தெரியவில்லை. சில நொடிகள்தான். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது ரொம்ப நீளமான நேரம். நிறையப் போட்டால் நன்றாகக் கழுவும் என்று நினைத்து இரண்டு மூடி கார் ஷாம்பூவை வாஷர் டேங்கில் ஊற்றியிருந்தேன். அதுதான் காரணம்.

பாத்திரத்தைத் தேய்த்த பிறகு அலசுகிறோம். முன்கண்ணாடியை அலச யாரும் இல்லை. தெளித்ததில் வைப்பர் தள்ளியது போக மிச்சம் அங்கேயே காய்கிறது. அதனால் வீட்டுக் கலவையில் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், சோப்பு பெயருக்குத்தான் இருக்க வேண்டும்.

தேவையானவை

காய்ச்சி வடித்த நீர் 4 லிட்டர். 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 250 மில்லி. பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். இவற்றோடு ஒரு சுத்தமான கேன், ஒரு புனல், அளவுக் கோப்பை.

குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதே உப்பு தெளிப்பானின் ஊசித்துளையிலும் படிந்து அடைக்கும். கண்ணாடியில் உள்ளதைத் துடைத்துவிடலாம், துளையில் உள்ளதை எடுப்பது பெரிய வேலை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே இதற்கும் சரியானது. வாங்கும்போது அது பேட்டரி ஆசிட் இல்லை என்று லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றலாமா? அதுவும் வேண்டாம். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா வளரும். இங்கிலாந்தில் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2010-இல் வெளியிட்ட ஆய்வு, வாஷர் திரவம் எதுவும் சேர்க்காமல் வெறும் நீர் வைத்திருந்த வண்டிகளுக்கும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நுரையீரல் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சுட்டிக்காட்டியது. நம் கலவையில் ஆல்கஹால் ஏறக்குறைய 4 சதவீதம்தான். அது கிருமியை முழுவதும் ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். கொஞ்சமாகக் கலந்து, சில வாரங்களில் தீர்த்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

கலக்கும் முறை

காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் நெருப்பும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். முதலில் கேனில் தண்ணீர், அடுத்து ஆல்கஹால், கடைசியாக சோப்பு. சோப்பை முதலில் விட்டுவிட்டு மேலே தண்ணீரைக் கொட்டினால் நுரை பொங்கும். மூடியை இறுக்கிவிட்டு கேனை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம்.

உடனே காருக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கொஞ்சம் தெளித்துத் துடைத்து, காயவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கோடோ மங்கலோ தெரிந்தால் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். நான் இப்போது இதைச் செய்யாமல் ஊற்றுவதே இல்லை.

வினிகரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உப்புக் கறையை அது எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அமிலத்தை மாதக்கணக்கில் ரப்பரும் உலோகமும் உள்ள குழாய்க்குள் வைத்திருக்க எனக்கு மனமில்லை. கறை இருந்தால் துணியில் நனைத்துத் துடையுங்கள், டேங்கில் வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் சன் ஃபிலிமைக் கெடுக்கும். பிளீச்சிங் திரவத்தை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். ஆல்கஹால், வினிகர், அம்மோனியா என எதோடு சேர்ந்தாலும் அது நச்சுப்பொருளை உண்டாக்கும். மெத்தனாலும் கூடாது. அது கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும்.

டேங்கில் ஊற்றுதல்

வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். முன்கண்ணாடியும் அதில் நீர் தெளிப்பதும் வரைந்த மூடிதான் வாஷர் டேங்க். இங்கே அவசரமே கூடாது. பக்கத்திலேயே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டேங்கும் பிரேக் ஆயில் டப்பாவும் இருக்கும். சூடான கூலன்ட் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். தவறிப்போய் அந்த இரண்டில் ஒன்றில் சோப்புத் தண்ணீர் விழுந்துவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உள்ளே ஏற்கெனவே கடையில் வாங்கிய திரவம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. வெவ்வேறு கலவைகள் சேர்ந்தால் சில சமயம் கூழ்போலத் திரண்டு குழாயை அடைக்கும். விட்டுவிட்டுத் தெளித்துக் காலி செய்யுங்கள். தண்ணீர் நின்றதும் லீவரை விட்டுவிடுங்கள், வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுவிடும். அப்புறம் புனல் வைத்து, கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள்.

வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் ஒருமுறை வழித்துவிட்டு, நின்ற வண்டியிலேயே முதல் தெளிப்பைப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் தெளிப்பான் துளையில் அடைப்பு இருக்கலாம், மெல்லிய ஊசியால் லேசாகக் குத்தி எடுக்கலாம். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

மிச்சக் கலவை உள்ள கேனில் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் உறையும் குளிர் உள்ள ஊருக்குப் போவதானால் இந்தக் கலவை உதவாது, டேங்கிலேயே உறைந்துவிடும். அங்கே எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் திரவத்தை வாங்கித்தான் ஊற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பரவித் தெரிகிறதா? கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி அங்கே எண்ணெய்ப்பசையாகப் படிந்திருக்கும். அதே கலவையை மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் நனைத்து அங்கேயும் துடையுங்கள்.