டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய நாலு எண்

கார் டயர் மாற்றப் போனால், விலை பேசுவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு மாதத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். புதுசுக்கும் பழசுக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மாட்டியபின் உள்பக்கம் போய்விடும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் மெல்ல இறுகும். இறுகிய டயர் இரைச்சல் போடும், ஈர ரோட்டில் பிடிப்பும் குறையும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து வாங்கும் நம்ம குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. சத்தம் குறைய வேண்டுமென்றால் கம்பெனி கொடுத்த அளவிலேயே வாங்குங்கள். அகல டயர் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இரைச்சலும் பெட்ரோல் செலவும் பொதுவாகக் கூடும்.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் தினமும் ஓடும் டாக்சிக்கு இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. ரப்பர் இறுகும் முன்பே பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடுகள், தேய்ந்துவிடும். ஒரு வருடப் பழசைத் தள்ளுபடியில் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். வளைவில் திரும்பும்போது ‘ஊம்’ என்ற சத்தம் கூடிக் குறைந்தால் டயரை மாற்றாதீர்கள், முதலில் சக்கரத்தை உராய்வில்லாமல் சுழலவிடும் வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.