டஸ்கனியின் பழைய கல் பண்ணை வீட்டில் தங்க விரும்புவோருக்கு

இத்தாலியின் டஸ்கனி பிராந்தியத்தில், குறிப்பாகச் சியெனாவுக்குத் தெற்கே உள்ள வால் டோர்ச்சா பகுதியில், குன்றுகளின் மேல் தனித்து நிற்கும் கல் வீடுகள் பல இன்று பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. இவை செல்வந்தர்கள் ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகைகள் அல்ல. விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலக்கிழாருக்கு அளந்துவிட்டு மீதியில் வாழ்ந்த வாரக்குடிகளின் வீடுகள். 1950களிலும் 60களிலும் அக்குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றன. 1964ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விளைச்சல் பங்கு ஒப்பந்தங்களைப் புதிதாகச் செய்துகொள்வதைத் தடை செய்தது. பூட்டிக் கிடந்த வீடுகள் பின்னர் மெல்லப் புதுப்பிக்கப்பட்டன. உழைப்புக்காகக் கட்டிய வீடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், முன்பதிவின்போது எவற்றைக் கேட்க வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

முதலில் கேட்க வேண்டியது, உங்கள் அறை எந்தத் தளத்தில் உள்ளது என்பது. பழைய அமைப்பில் தரைத்தளம் மாட்டுத் தொழுவமாகவும், மேல்தளம் குடும்பம் வாழும் இடமாகவும் இருந்தன. குளிர்காலத்தில் கால்நடைகளின் உடல் வெப்பம் மேலே ஏறி வீட்டைச் சற்றே கதகதப்பாக்கியது. ஆகவே, தொழுவத்திலிருந்து மாறிய கீழறைகள் செங்கல் வளைவுகளுடன் அழகாகவும் கோடையில் குளுமையாகவும் இருந்தாலும், சன்னல்கள் சிறியவையாதலால் வெளிச்சம் குறைவாகவே இருக்கும். மேலறைகளுக்குப் பெரும்பாலும் வெளிப்புறக் கற்படிகளில் ஏறியே செல்ல வேண்டும். முதியவர்கள் உடன் வந்தால் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துக் கீழறையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்து, அந்த இடம் 'அக்ரிதூரிஸ்மோ' என்ற பண்ணைச் சுற்றுலா உரிமம் பெற்றதா, வெறும் விடுமுறை வாடகை வீடா என்று பாருங்கள். 1985இல் முதன்முறையாகவும் 2006இல் திருத்தியும் இயற்றப்பட்ட தேசியச் சட்டங்களின்படி, அக்ரிதூரிஸ்மோ நடத்துபவர் உண்மையான விவசாயியாக இருக்க வேண்டும். விருந்தினர் வருமானத்துக்காக விவசாயம் பின்னுக்குத் தள்ளப்படக் கூடாது. அங்கே திராட்சை, ஒலிவம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணெதிரே உருவாவதைக் காணலாம். அதிகாலை டிராக்டர் ஓசையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பரிந்துரை அக்ரிதூரிஸ்மோவே. பல பண்ணைகளில் இரவு உணவும் உண்டு. அதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சைவ உணவினருக்குப் பூண்டும் தக்காளியும் சேர்ந்த 'பிச்சி' என்ற தடித்த பாஸ்தா, ரொட்டியும் தக்காளியும் வெந்த கூழ் ஆகியவை ஏற்றவை. ஆயினும் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்துள்ளதா என்று கேட்டுவிடுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. சமையற்காரர் மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

கார் இல்லாமல் இத்தகைய வீட்டில் தங்குவது கடினம். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் உடன் கொண்டுவர வேண்டும். தானியங்கி கியர் கார் தேவையெனில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டர்கள் பெரும்பாலும் வெண்ணிறச் சரளை மண் பாதையாக இருக்கும் என்பதால், வீட்டின் துல்லியமான வரைபட இருப்பிடத்தை உரிமையாளரிடம் பெற்றுக்கொண்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். ஊர்க் கடைகள் பல மதியம் மூடிப் பிற்பகலில்தான் திறக்கும். வழியிலேயே மளிகையை வாங்கிவிடுவது உத்தமம். சியெனா, புளோரன்ஸ் நகரங்களின் பழைய மையப் பகுதிகளுக்குள் அனுமதியின்றிக் காரை ஓட்டினால், கேமரா பதிவின் பேரில் அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்துக்கூட வந்து சேரலாம்.

வீட்டுக்குள் புழங்கும் முறையிலும் சில கவனங்கள் தேவை. அரை மீட்டரும் அதற்கு மேலும் தடித்த கற்சுவர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். ஆகவே கோடையில் பகல் முழுவதும் சன்னல்களையும் மரக் கதவுகளையும் அடைத்து, இரவில் திறந்துவிட வேண்டும். காற்றுக்காக நண்பகலில் திறப்போர் வெப்பத்தையே உள்ளே அழைக்கிறார்கள். அதே சுவர் வைஃபையையும் தடுக்கும். இத்தாலிய வீடுகளின் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட்தான். மின்னடுப்பு, சலவை இயந்திரம், மின்கெண்டி ஆகியவற்றை ஒரே நேரத்தில் இயக்கினால் மின்சாரம் துண்டிக்கப்படலாம். வந்த அன்றே மின்பெட்டி எங்குள்ளது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர் பெரும்பாலும் தோட்டத்திலுள்ள தொட்டிக்கே செல்வதால், கழிவறையில் ஈரத்துடைப்பான்களைப் போடக் கூடாது.

குளிர்காலத்தில் செல்வோர் கட்டணத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். வெப்பமூட்டும் கருவியை எப்போது, எத்தனை மணி நேரம் இயக்கலாம் என்பதை இத்தாலியில் தட்பவெப்ப மண்டலவாரியாக விதிகளே வரையறுக்கின்றன. புளோரன்ஸ் அடங்கிய மண்டலத்தில் வழக்கமான வரம்பு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு 12 மணி நேரம். பல வீடுகளில் இச்செலவு வாடகையில் சேராமல், மீட்டர் கணக்கின்படி புறப்படும் நாளில் வசூலிக்கப்படுகிறது. சாவியை வாங்கும்போதே மீட்டர் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.