பஸ் டிரைவரை அடித்த பிறகு நடக்கும் தவறுகள்

பைக்குக்கு வழி விடவில்லை, கை காட்டிய இடத்தில் நிறுத்தவில்லை, படிக்கட்டில் தொங்கியவரை உள்ளே வரச் சொன்னார். அரசு பஸ் டிரைவர்கள் அடி வாங்குவது இப்படிப்பட்ட காரணங்களுக்குத்தான். அடித்தவர் தப்பிப்பதற்கோ, அதன்பின் நம் பக்கம் நடக்கும் தவறுகளே போதும்.

வண்டியை மறித்து ஒருவர் கத்தினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் சீட்டை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால், "டிரைவர்தான் முதலில் கை வைத்தார்" என்று எதிர்ப்புகார் வரும். 112-க்குப் போன் செய்யுங்கள். மறித்த வண்டியின் எண்ணைக் கண்டக்டர் குறித்துக்கொள்ளட்டும்.

பெரிய தவறு புகார் எழுதும்போதுதான் நடக்கிறது. "தகராறு செய்து கன்னத்தில் அறைந்தார்" என்று மட்டும் எழுதினால் அது இரண்டு பேர் சண்டை. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், சாதாரணக் காயத்துக்கான 115(2)-ஆவது பிரிவுடன் முடிந்துவிடலாம்; அதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் சட்டப்படி பொது ஊழியர். பணியில் இருப்பவரைத் தடுக்கத் தாக்கினால் 132-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. காயம் ஏற்படுத்தினால் 121(1)-இல் 5 ஆண்டு வரை. அதனால் தடம் எண், பஸ் எண், எத்தனையாவது நடை, எந்த ஸ்டாப், மணி என்ன, அடித்ததால் பஸ் எவ்வளவு நேரம் நின்றது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தனியார் பஸ் டிரைவருக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது. அவரும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார் என்பதால் இது நியாயமாகப் படவில்லை.

"எங்கள் எல்லை இல்லை" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

வலி பெரிதாக இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவதும் தவறு. அரசு மருத்துவமனையில் பணியின்போது அடித்தார்கள் என்று சொல்லிப் பதிய வையுங்கள், அந்த ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) பதிவு இல்லாவிட்டால் காயத்தை நிரூபிப்பது கஷ்டம்.

டிப்போவிலும் தவறு நடக்கிறது. "நடை கட் ஆகுது, வண்டியை எடுப்பா" என்று அடி வாங்கியவரையே மறுபடி ஓட்டச் சொல்வது கொடுமை. கை நடுங்குகிறவரிடம் ஐம்பது அறுபது பேரின் உயிரை எப்படிக் கொடுப்பது? மாற்று டிரைவரை அனுப்புங்கள். புகார் கொடுக்கப் போகிறவருடன் கிளை அதிகாரி ஒருவர் கூடவே போக வேண்டும். தனியாகப் போனால், "சின்னப் பையன், எதிர்காலம் கெட்டுடும்" என்று சமாதானம் பேச ஆட்கள் வந்துவிடுவார்கள். டிரைவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அப்புறம், பயணிகள். வீடியோ எடுத்தவர்கள் அதை வாட்ஸ்அப்பில் பரப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். இறங்கும் முன் பெயரையும் போன் நம்பரையும் கண்டக்டரிடம் கொடுங்கள். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம்.