லித்தியமும் உப்பும் நீரும்: பைபோலார் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் உறவினர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: "மாத்திரை எதற்கு? உடம்பில் தாதுச்சத்து குறைந்திருக்கும், அதைச் சரிசெய்தால் போதும்." இந்நோய்க்குப் பல்லாண்டுகளாகக் கைகொடுத்துவரும் லித்தியமே பாறையிலும் ஊற்றுநீரிலும் இருக்கும் ஒரு தாதுப்பொருள்தான் என்பது அப்படிச் சொல்பவர்கள் பலருக்குத் தெரியாது. மேனியா என்னும் மிகையெழுச்சி நிலையை அது தணிப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் பதிவுசெய்தார்.

தாது என்றாலே தீங்கற்றது என்று நினைப்பதுதான் முதல் தவறு. இணையத்தில் சத்து மாத்திரையாக விற்கப்படும் லித்தியம் ஓரோட்டேட்டில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் லித்தியம்தான் இருக்கும். மருத்துவர் எழுதித் தரும் 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றிலோ ஏறத்தாழ 56 மில்லிகிராம் இருக்கிறது. அந்தச் சிறிய அளவு இந்நோயைக் கட்டுப்படுத்தும் என்று நம்பகமான ஆய்வுகள் நிறுவவில்லை. மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏன் மாறுகிறது என்பது அவருக்குப் புரியாமல் போகும். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை என்பதால், கடையில் கிடைக்கிறது என்பதே ஒரு சான்றாகிவிடாது. மெக்னீசியமும் துத்தநாகமும் உடலில் குறைந்திருந்தால் அவற்றை ஈடுசெய்வது நல்லதுதான். ஆனால் அவை மனநிலையைச் சீராக்கும் மருந்துக்கு மாற்றாகா. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் மெக்னீசியம் தேங்கும் அபாயமும் உண்டு; லித்தியத்தை நெடுங்காலம் எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே விதமாகக் கையாளுகிறது. உடலில் உப்போ நீரோ திடீரெனக் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்க முயலும்போது லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது. ஆகவே இரத்த அழுத்தத்துக்குப் பயந்து ஒரே வாரத்தில் சாம்பாரிலும் ரசத்திலும் உப்பை அறவே விடுவதும், வயிற்றுப்போக்கின்போது வழக்கமான அளவில் மாத்திரையைத் தொடர்வதும், வெயிலில் வியர்த்தும் நீர் அருந்தாதிருப்பதும் லித்தியத்தை நச்சு அளவுக்கு உயர்த்திவிடக்கூடும். உப்பைக் குறைக்கவே கூடாது என்பதில்லை; மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். தைப்பூசத்துக்கு விரதமிருந்து, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமக்க நேர்ந்துகொண்டவர்களும், ரமலானில் ஏறத்தாழ 13 மணி நேரம் நீரின்றி நோன்பிருப்பவர்களும் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பக்தியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூட்டுவலிக்கு உறவினர் கொடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், லோசார்டான் போன்றவையும், சிறுநீரைப் பெருக்கும் சிலவகை நீர் மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வலிக்குப் பொதுவாகப் பாரசிட்டமோலே பாதுகாப்பானது. நாளொன்றுக்கு நான்கைந்து கோப்பி குடித்தவர் அதைச் சட்டென்று நிறுத்தினாலும் லித்தியத்தின் அளவு உயரும். கைநடுக்கம் கடுமையாவது, வாந்தி, நாக்குழறல், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையைத் தவிர்த்து உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நடக்க முடியாதவருக்கு ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டுச் செல்வது சிறிய தவறாகத் தோன்றினாலும் முடிவையே தவறாக்கிவிடும். கடைசி வேளை மருந்துக்குப் பின் 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கிடைக்கும் எண்ணை நம்பலாம். நீண்டகாலச் சிகிச்சையில் பலருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் லித்தியம் போதுமானது, 1.5க்கு மேல் நச்சுத்தன்மை அஞ்சத்தக்கது. இத்துடன் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் குறித்த இடைவெளியில் பார்க்கிறார்கள்.

பக்கவிளைவுகளைத் தாங்க முடியவில்லை என்பதற்காக மருந்தை ஒரே நாளில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புவதும் தற்கொலை அபாயமும் கூடுகின்றன. நடுக்கம், தாகம், எடைகூடல் ஆகியவற்றை மருத்துவரிடம் முறையிட்டால் அவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரையைச் சேர்க்கலாம் அல்லது மருந்தையே மாற்றலாம். மாற்று மருந்துகளுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. லாமோட்ரிஜினின் அளவைக் கடுமையான தோல் தடிப்புக்கு அஞ்சி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள். சில நாள் விட்டுவிட்டவர் பழைய அளவுக்கே தாமாகத் திரும்பக் கூடாது. கார்பமசபைன் தொடங்குமுன் ஆசிய வம்சாவளியினருக்கு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சிங்கப்பூரில் 2013 முதல் பரிந்துரைக்கப்படுகிறது. வால்புரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்கள் அதைப் பற்றித் தயங்காமல் கேட்க வேண்டும்.

செலவுக்காகச் சந்திப்புகளைத் தள்ளிப்போடுபவர்கள், நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இந்நோய்க்கும் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். அடுத்த சந்திப்புக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாவற்றையும், ஊரிலிருந்து வந்த லேகியத்தையும் மலச்சிக்கலுக்கு வாங்கிய இசப்கோலையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இசப்கோல் லித்தியத்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கலாம். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை அதன் சீட்டைப் படித்தேனும் மருத்துவர் பார்க்கட்டும்.