ஆஸ்பத்திரி ஏ.சி. கரண்டைக் குறைக்க: ராத்திரி 2 மணிக்கு ஒரு சுற்று

கரண்ட் பில் எகிறிவிட்டது என்று நிர்வாகம் கூப்பிட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் புது சில்லருக்குத்தான் (ஏ.சி.க்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்) கொட்டேஷன் கேட்பார்கள். நான் கேட்பது கேபிளைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், பிளான்ட் ரூம் சாவிக்கொத்து, கூட வர ஒரு நைட் டியூட்டி எலக்ட்ரீஷியன். பகலில் போனால் ஓடுவதெல்லாம் தேவைக்கு ஓடுவது போலத்தான் தெரியும். ராத்திரி 2 மணிக்குப் போங்கள். யாருமே இல்லாத அறைக்காக எது ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதில்தான் உங்கள் பணம் போகிறது.

ஒவ்வொரு ஏ.எச்.யூ.வாக (அறைக்குக் குளிர்ந்த காற்றை ஊதும் விசிறிப் பெட்டி) போய் மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கிறது, சில்லரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வரும் சில்டு வாட்டர் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, அந்த அறையில் ஆள் இருக்கிறாரா.

மதுரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிச் சுற்றும்போது ஓர் ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ இடித்தது. விளக்கு அணைந்திருக்கிறது, ஆள் இல்லை, உள்ளே அழகாக 21 டிகிரி. வால்வு மட்டும் முழுசாகத் திறந்து கிடக்கிறது. ஈரப்பதத்தைக் குறைக்க டக்டில் ஒரு 18 கிலோவாட் ஹீட்டர் உண்டு. கன்ட்ரோலர் திரையில் அது 'ஆஃப்'. கேபிளில் கிளாம்பை மாட்டினால் ஃபேஸுக்கு 25 ஆம்ப்! ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. ஹீட்டர் ஒரு பக்கம் சூடாக்க, சில்லர் இன்னொரு பக்கம் குளிர்விக்க, அறை வெப்பநிலை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 24 மணி நேரமும் இப்படி ஓடினால் ஹீட்டர் மட்டும் மாதம் கிட்டத்தட்ட 13,000 யூனிட் தின்னும். அந்தச் சூட்டை வெளியே தள்ள சில்லர் தின்பது தனிக் கணக்கு. கான்டாக்டர் மாற்றியது ஒரு மணி நேர வேலை. திரையை நம்பாதீர்கள், கேபிளைப் பிடித்துப் பாருங்கள்.

சரி, அடுத்தது ஆபரேஷன் தியேட்டரின் காற்றோட்டம். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். கணக்குப்படி மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 வெளிக்காற்று. பக்கத்து இடத்தைவிட உள்ளே அழுத்தம் 2.5 பாஸ்கலாவது கூட இருக்க வேண்டும். ஆபரேஷன் இல்லாத நேரத்தில் வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கருவி) வைத்துக் காற்றோட்டத்தைக் கால்வாசி வரை இறக்கிக்கொள்ளலாம், அழுத்தம் விடக்கூடாது என்பது நிபந்தனை. விசிறியை முழுதாக நிறுத்தவும் கூடாது.

விசிறியின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு குறையும். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் பாதிதான் வேண்டும், 30 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காகக் கடகடவென்று கீழே இறக்கிவிடாதீர்கள். 2 ஹெர்ட்ஸ் குறையுங்கள், பத்து நிமிடம் பொறுங்கள், அழுத்த வித்தியாசம் காட்டும் மேக்னெஹெலிக் கேஜைப் பாருங்கள், அப்புறம் அடுத்த 2. எனக்கு ஒரு தியேட்டரில் 34-லேயே அழுத்தம் நழுவியது. பார்த்தால் கதவுக்கடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. ரப்பர் பட்டை அடித்ததும் 28 வரை இறங்க முடிந்தது. கேஜ் மேல் சந்தேகம் வந்தால் கதவிடுக்கில் டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடியுங்கள், வெளிப்பக்கம் பறக்க வேண்டும். ஊதுபத்தி வேண்டாம், அழுத்தம் விட்டுப்போயிருந்தால் புகை நேரே தியேட்டருக்குள் போகும்.

வெளிக்காற்று வரும் வழியில் உள்ள தடுப்பான டேம்பரை மூடி மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே அழுத்தம் நிற்பதே அந்த வெளிக்காற்றால்தான். அதில் கை வைக்காதீர்கள். ஐசொலேஷன் ரூம் பக்கமும் போகவே வேண்டாம்.

ராத்திரி சிசேரியன் வந்தால் என்ன செய்வது என்று தியேட்டர் சிஸ்டர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பட்டன், அமுக்கினால் முழு வேகம். மணிக்கு 20 மாற்றத்தில் காற்றில் மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற 14 நிமிடம் ஆகும். நோயாளி லிஃப்டில் ஏறும்போதே பட்டனை அமுக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆராய்ச்சி லேபில் கதை வேறு. அங்கே பணம் போகும் வழி ஃப்யூம் ஹூட், அதாவது ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும், முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி வைத்த பெட்டி. ஒன்றரை மீட்டர் அகல ஹூடின் கண்ணாடி 45 சென்டிமீட்டர் திறந்திருந்து, முகப்பில் வினாடிக்கு அரை மீட்டர் வேகம் இருந்தால், மணிக்கு 1,200 கனமீட்டர் குளிர்ந்த காற்று கூரை வழியே போகிறது. அதே அளவு வெளிக்காற்றை நம்மூர் புழுக்கத்திலிருந்து இழுத்துக் குளிர்விக்க 5 டன்னுக்கு மேல் ஏ.சி. வேண்டும். வீட்டு ஏ.சி. மூன்றுக்கும் மேல், ஒரே ஒரு ஹூடுக்கு. பி.எச்.டி. பிள்ளைகள் கண்ணாடியைத் திறந்துபோட்டுவிட்டு டீக்குப் போவார்கள். ஆனால் கத்துவதற்கு முன் ஹூட் எந்த வகை என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் விசிறி ஒரே வேகத்தில் ஓடும் பழைய ஹூட் என்றால், கண்ணாடியை மூடினாலும் காற்று பைபாஸ் என்கிற மாற்றுத் திறப்பு வழியாக அதே அளவு போகும், யூனிட் ஒன்றுகூடக் குறையாது. விசிறிக்கு வி.எஃப்.டி., கண்ணாடிக்கு சென்சார், அறைக்கு வரும் காற்றும் கூடவே குறையும்படி ஒரு டேம்பர், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பலன். வரும் காற்றைக் குறைக்க மறந்தால் லேப் காற்று காரிடாருக்கு வந்துவிடும்.

ஃபில்டர் விஷயம் சின்னதுதான்: தேதி பார்த்து மாற்றாமல், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கேஜில் பார்த்து மாற்றுங்கள். ப்ரீ-ஃபில்டரை ஒழுங்காகக் கழுவினால், அதற்குப் பின்னால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் நீண்ட நாள் வரும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சில்லர். 7 டிகிரியில் போகும் தண்ணீரை 8 ஆக்கினால் சில்லர் மின்சாரம் 2, 3 சதவீதம் குறையும். அதை ராத்திரியில் மட்டும் செய்து பாருங்கள். தியேட்டர் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொட்டால், எத்தனை மணியானாலும் எழுந்துபோய் மறுபடி 7-இல் வைத்துவிடுங்கள்.