பயிற்சி முடிந்த பின் என்ன சாப்பிடுவது, எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிடுவது

கடைசி எடையைக் கீழே வைத்த கையோடு, வியர்வை காய்வதற்குள் புரதப் பொடியைக் குலுக்கிக் குடிப்பவர்களை எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் பார்க்கலாம். அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு எதுவும் போகாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்ற நம்பிக்கைதான் அந்த அவசரத்துக்குக் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை; ஆனால் அது சிலருக்குச் சில நாள்களில் மட்டும் பொருந்துகிற உண்மை. உங்களுக்கு அந்த அவசரம் தேவையா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும்: பயிற்சிக்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அடுத்த பயிற்சி எப்போது?

முதல் கேள்வி புரதத்தைப் பற்றியது. எடைப் பயிற்சி செய்தவுடன் தசையில் புதிய புரதம் உருவாகும் வேகம் கூடுகிறது. கூடவே பழைய புரதம் சிதைவதும் கூடுகிறது. வெறும் வயிற்றோடு இருந்தால் சிதைவின் கையே ஓங்கி நிற்கும். புரதம் உள்ளே போன பிறகுதான் கணக்கு வரவுப் பக்கம் திரும்பும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, காலை ஆறு மணிக்கு ஒன்றும் உண்ணாமல் பயிற்சி செய்து, ஏழு மணிக்கு முடிப்பவருக்குப் பத்து மணி நேர இடைவெளி விழுந்துவிடுகிறது. அவர் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. மாறாக, மாலை நான்கு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஆறிலிருந்து ஏழு வரை பயிற்சி செய்பவரின் உடலில் அந்த உணவு இன்னும் செரித்துக்கொண்டுதான் இருக்கும். அவர் குளித்து, இளைப்பாறி, எட்டரை மணிக்கு வழக்கமான இரவு உணவை உண்டாலும் எதையும் இழந்துவிட மாட்டார். பயிற்சியால் தசைக்கு வரும், புரதத்தை ஏற்றுப் பயன்படுத்தும் கூடுதல் திறன் குறைந்தது ஒரு நாளாவது நீடிக்கிறது என்பதே இதற்குக் காரணம். பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியிட்ட பகுப்பாய்வும் இதையே காட்டியது: உடனே சாப்பிட்டதால் கிடைத்ததாகத் தோன்றிய பலன், உண்மையில் அன்றைக்கு உண்ட மொத்தப் புரதம் அதிகமாக இருந்ததால் கிடைத்தது.

ஆகவே நேரத்தைவிட அளவுக்கே முதலிடம் கொடுங்கள். எடைப் பயிற்சி செய்து தசையை வளர்க்க விரும்புபவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 24 கிராம். தட்டில் வைத்துப் பார்த்தால், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று முட்டையும் ஒரு தம்ளர் பாலும் ஒரு வேளைக் கணக்கைக் கடந்துவிடும். மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பருப்பை நம்பியிருப்பவர்கள் மட்டும் அளவில் கவனமாக இருக்க வேண்டும். வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமே இருப்பதால், இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு புரதம் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது பொய்க் கணக்கு. அதோடு தயிரையோ சோயாவையோ சேர்த்துக்கொள்வது நல்லது. வயது ஏற ஏறத் தசை புரதத்துக்கு மந்தமாகவே இணங்குவதால், மூத்தவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 40 கிராம் வரை தேவைப்படலாம். புரதப் பொடியைப் பொறுத்தவரை, அது சமைக்க நேரமில்லாதவருக்கு வசதியான உணவு. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்வி மாவுச்சத்தைப் பற்றியது; கடிகாரத்துக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இதுதான். தசைகள் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. நீண்ட ஓட்டமோ சைக்கிள் பயணமோ அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடும். அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால், வழக்கமான வேளைகளில் போதிய அளவு சாப்பிடுவதே அதை நிரப்பிவிடும். காலையில் ஒரு போட்டி, மாலையில் இன்னொன்று என்றால் கதை வேறு. பயிற்சி முடிந்த உடனே தசைச் செல்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும்; நேரமாக ஆக அந்த வேகம் தணியும். ஜான் ஐவி குழுவினர் 1988-இல் சைக்கிள் வீரர்களிடம் நடத்திய ஆய்வில், மாவுச்சத்தை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது கிளைகோஜன் சேரும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எட்டு மணி நேரத்துக்குள் மீண்டும் களமிறங்க வேண்டியவர், முதல் நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும். 60 கிலோ எடைக்கு அது மணிக்கு 60 முதல் 72 கிராம், அதாவது ஒரு கோப்பைச் சோறும் ஒரு வாழைப்பழமும்.

தண்ணீரை நாக்கின் தாகத்தை வைத்து அளப்பதைவிட எடை காட்டும் கருவியை வைத்து அளப்பது துல்லியமானது. பயிற்சிக்கு முன் 60 கிலோ, பின் 59.2 கிலோ என்றால் போன 800 கிராமும் பெரும்பாலும் வியர்வையே. சிறுநீராகவும் கொஞ்சம் வெளியேறிவிடும் என்பதால், அதுபோல ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 1.2 லிட்டர், சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்புள்ள உணவோடு குடித்தால் நீர் உடலில் தங்கும்.

கடுமையான பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் பசியே எடுக்காது. இதை அறியாத காலத்தில், வேகமாக ஓடி முடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெரிய தம்ளர் கெட்டிப் பாலை மூச்சு விடாமல் குடித்து, அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அத்தனையையும் சாலையோரத்தில் வாந்தி எடுத்தவன் நான். மூச்சு அடங்கட்டும், முதலில் தண்ணீர், பிறகு பழமோ நீர்த்த பானமோ, வயிறு ஏற்றுக்கொண்ட பிறகு முழு உணவு. வயிற்றில் நெடுநேரம் தங்கும் எண்ணெய்ப் பண்டங்களை வேறு வேளைக்குத் தள்ளிவையுங்கள். மதுவோ, புரதத்தோடு சேர்த்துக் குடித்தாலும் தசை உருவாவதைக் குறைக்கிறது.

எடையைக் குறைப்பதற்காக அரை மணி நேரம் நடப்பவர்களுக்கு நடைக்குப் பின் தனியாகச் சிற்றுண்டி எதுவும் தேவையில்லை. நடந்து எரித்ததைவிட அதில் ஏறுவது அதிகமாக இருக்கும். அடுத்த வேளை உணவே போதும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது: பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட, ரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். அவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மேலே சொன்ன அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே கைக்கொள்ள வேண்டும்.