கோல்ஃப் பைக்குள் இடம் பிடிப்பது எப்படி: பல விளையாட்டுப் பொருள்கள் செய்யும் நிறுவனத்துக்கு ஒரு வழிமுறை

பேஸ்பால் கையுறையும் ஓட்டக் காலணியும் விற்று நல்ல பெயர் வாங்கிய நிறுவனம் ஒன்று கோல்ஃப் கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, செய்யத் தொடங்கினால், அந்தப் பெயர் அங்கே செல்லாது. உடைக்கும் காலணிக்கும் தாய் நிறுவனத்தின் பெயரே போதும், கிளப்புக்குப் போதாது. நைக்கியைப் பாருங்கள். 2000-இல் டைகர் உட்ஸ் அதன் பந்துக்கு மாறினார், 2002-இல் கிளப்புகளும் கடைக்கு வந்தன. உலகின் முதல்நிலை வீரரையே கையில் வைத்திருந்தும், 2016 ஆகஸ்டில் கிளப், பந்து, பை மூன்றையும் நிறுத்திவிட்டு உடையோடும் காலணியோடும் நின்றுகொண்டது. அடிடாஸும் 2017-இல் தன் கிளப் நிறுவனமான டெய்லர்மேடை விற்றுவிட்டு, தன் பெயரில் இருந்த கோல்ஃப் உடையையும் காலணியையும் மட்டும் வைத்துக்கொண்டது.

மிசுனோவின் கதை வேறு. 1906-இல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் அது. பேஸ்பால், ஓட்டம், கைப்பந்து, ஜூடோ, நீச்சல் என்று எல்லாவற்றுக்கும் பொருள் செய்கிறது. 1933-இல் கோல்ஃப் கிளப்பில் இறங்கியது. இன்றும் 'அயர்ன்' (நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் உலோகத் தலைக் கிளப்) என்றால் அதன் பெயரைச் சொல்லாத கோல்ஃபர் குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை வைத்தே கீழே உள்ள வழியைச் சொல்கிறோம். நிர்வாகத்துக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இது காலாண்டுக் கணக்கில் பலன் தரும் வேலை அல்ல. முதல் இரண்டு மாடல் சுழற்சிகளில், அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில், லாபம் எதிர்பார்க்கிறவர்கள் உடையோடு நின்றுவிடுவது நல்லது.

ஒரே வாசல் வழியாக நுழையுங்கள்

விதிப்படி ஒரு வீரர் 14 கிளப்புகள் வரை எடுத்துச் செல்லலாம். அந்தப் பதினான்கையும் ஒரே ஆண்டில் செய்து அடுக்க வேண்டும் என்ற ஆசைதான் பல விளையாட்டு நிறுவனங்களைக் கவிழ்க்கிறது. டிரைவர் (தொலைதூர முதல் அடிக்கு), அயர்ன், வெட்ஜ் (குறுகிய, உயரமான அடிக்கு), பட்டர் (குழிக்குள் உருட்ட), பந்து ஆகிய ஐந்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் தொழிற்சாலைதான் சொல்ல வேண்டும். கார்பன் இழையில் பேட்மின்டன் ராக்கெட் செய்யும் யோனெக்ஸுக்கு ஷாஃப்ட், அதாவது கிளப்பின் நீண்ட கம்பு, கைவந்த கலை. ரப்பரை அறிந்த சுமிடோமோவுக்கு ஸ்ரிக்சான் பந்து இயல்பாக வந்தது. விளம்பரப் பிரிவு "டிரைவர்தான் அதிகம் விற்கும்" என்று சொல்லும். அது உண்மைதான், ஆனால் போட்டியும் அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது.

வில்சன் நிறுவனத்துக்குக் கைகொடுத்தது வெட்ஜ். ஜீன் சராசன் அடிப்பகுதியைத் தடிமனாக்கிய மணல் வெட்ஜோடு 1932 பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். வில்சன் அதை ஆர்-90 என்ற பெயரில் விற்றது. மணல்குழியிலிருந்து பந்தை எடுக்கத் திணறிய எல்லோருடைய சிக்கலையும் அது தீர்த்தது. வாங்குகிறவர் ஏற்கெனவே அனுபவிக்கும் ஒரு தொல்லையைத் தீர்க்கும் கிளப்பைத் தேடுங்கள். இன்னொரு "புதுமை"க்கு அங்கே இடமில்லை.

கையில் உணரும் தரம்

மிசுனோ அயர்ன்கள் 1968 முதல் ஹிரோஷிமாவில் காய்ச்சி அடித்து உருவாக்கப்படுகின்றன. அச்சில் உருக்கி ஊற்றும் வார்ப்பு முறை இதைவிட மலிவு, ஓரத்தில் எடை சேர்த்து, சரியாகப் படாத அடியையும் மன்னிக்கும் தன்மையைக் கூட்டவும் வசதி. ஆனால் மிசுனோ தன் பெயரை அடித்தலின் மேல் கட்டியது. 1025 என்ற மென் கார்பன் எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.25 விழுக்காடுதான். ஒரே தண்டிலிருந்து தலையும், ஷாஃப்ட் நுழையும் குழலான ஹோசலும் அடித்து எடுக்கப்படுவதால் உலோக இழை இரண்டுக்கும் தொடர்ச்சியாக ஓடுகிறது. இதற்கு 'கிரெயின் ஃப்ளோ' என்று பெயர் வைத்து, பதிவும் செய்து, தலைமுறை தலைமுறையாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019-இல் வந்த எம்பி-20 வரிசையில் குரோம் பூச்சுக்குக் கீழே மெல்லிய செம்புப் படலமும் சேர்ந்தது. பேச்சு மாறவே இல்லை, பொருளுக்குள்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. விளம்பர நிறுவனம் மாறும்போதெல்லாம் முழக்கத்தை மாற்றும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடிக்கும்போது கையில் உணர்வது என்று கோல்ஃபர் சொல்வதில் பெரும்பகுதி காதில் கேட்பதுதான். அதனால் தலையின் அதிர்வை மைக் வைத்து அளந்து, ஒலி நீளும் நேரத்தையும் அதிர்வெண்ணையும் வடிவமைப்பிலேயே திருத்துங்கள். பந்தைத் தொடும் முகத்தை மெலிதாக்கி வேகம் கூட்டினால் ஒலி தகரம்போல் ஆகிவிடும். வேகம் பார்த்து ஒப்புதல் தந்த மாதிரி, ஒலியில் தோற்பது வழக்கம்.

தொழிற்சாலையில் கட்டாயமாகப் பார்க்க வேண்டியவை:

- ஒவ்வொரு தலையின் லாஃப்ட் (முகம் சாய்ந்திருக்கும் கோணம்), லை (ஷாஃப்ட் தரையோடு அமையும் கோணம்) இரண்டையும் அளந்து 0.5 டிகிரிக்குள் நிறுத்துங்கள். ஒரு டிகிரி பிழையை ஏற்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு கிளப்புகளில் பிழை எதிரெதிராக அமைந்தால், நான்கு டிகிரி இடைவெளி இரண்டாகவோ ஆறாகவோ மாறிவிடும்.
- தலை எடையில் பிழை 2 கிராமுக்குள் நிற்க வேண்டும். தலையில் 2 கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை கனமாகத் தெரியும் அளவு) ஒரு புள்ளி ஏறும், டி2 என்று கேட்டவருக்கு டி3 போய்ச் சேரும். அயர்னில் எண்ணுக்கு எண் எடை ஏறத்தாழ 7 கிராமும் நீளம் அரை அங்குலமும் மாற வேண்டும்.
- ஷாஃப்ட் முனை 0.355 அங்குலக் கூம்பா, 0.370 அங்குல நேர்குழலா என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதுங்கள். குழப்பினால் தலை ஆடும், அல்லது நுழையவே நுழையாது.
- தலையை ஒட்டும் எப்பாக்ஸி பசை காய 24 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் தலை கழன்று பறக்கும். அளவுக்கு மீறிப் பூசினால் துணுக்கு உடைந்து ஷாஃப்ட்டுக்குள் கலகலக்கும். ஆபத்தில்லாத குறைதான், ஆனால் விலையுயர்ந்த கிளப் ஒலியெழுப்பினால் வாங்கியவர் ஊரெல்லாம் சொல்வார்.

மென் எஃகில் இன்னொரு சிக்கல்: அது வளையும். ஃபிட்டிங்கில் (வாங்குபவருக்கேற்ப அளவு பார்த்துப் பொருத்துவதில்) அது வரம், பழகப் பழக அளவு நகர்வதால் அதுவே குறை. ஆண்டுக்கு ஒரு முறை லாஃப்ட், லை இரண்டையும் சரிபார்க்கச் சொல்லி வாங்குபவருக்கு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கடையிலேயே இலவசமாகச் செய்து கொடுங்கள். 17-4 துருவேறா எஃகில் வார்த்த தலை கடினம். அதை வளைக்க முயன்று ஹோசலை முறித்த கடைகள் நிறைய, ஆகவே எத்தனை டிகிரி வரை வளைக்கலாம் என்பதை மாடல்வாரியாகக் கடைக்குத் தெரிவிக்க வேண்டும்.

விதிக்குள் நில்லுங்கள், ஓரத்தில் நிற்காதீர்கள்

ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏ இரண்டும்தான் உபகரண விதிகளைக் காக்கின்றன. டிரைவர் தலை 460 கன செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அளவுப் பிழைக்கு இன்னும் 10 உண்டு. முகத்தின் துள்ளலை அளக்கும் சோதனையில் வரம்பு 239 மைக்ரோ விநாடி, அதற்குப் பிழை அளவு 18. பந்து 45.93 கிராமுக்கு மிகாமலும் 42.67 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

பிழை அளவையே இலக்காக வைத்துக்கொண்டு வடிவமைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உற்பத்தியில் ஒரு பகுதி கோட்டைத் தாண்டினால் எல்லாம் போச்சு. 2007-இல் நைக்கியின் சதுரத் தலை டிரைவர் சுமோ ஸ்கொயரில் சில வரம்பை மீறியதால் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரியைச் செதுக்கித் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓடும் உற்பத்தியிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்து நீங்களே அளந்து, சராசரியை வரம்புக்கு உள்ளே நன்றாகத் தள்ளி வையுங்கள். முகம் அடிபட அடிபடத் துள்ளல் கூடுவதும் உண்டு. ஆகவே சில ஆயிரம் அடிகளுக்குப் பிறகும் அளந்து பாருங்கள்.

காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும்

வீரருக்குப் பணம் கொடுத்தால் படம் கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது. கோல்ஃப் ரசிகருக்கு ஒப்பந்தம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். மிசுனோவின் பெயரைத் தூக்கிவிட்டவர்களில் நிக் ஃபால்டோ, 2011-இல் உலக முதலிடம் பிடித்த லூக் டொனால்ட் போன்ற ஒப்பந்த வீரர்கள் உண்டு. ஆனால் கோல்ஃபர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகள் வேறு. 1997 மாஸ்டர்ஸை டைகர் உட்ஸ் வென்றபோது பையில் இருந்தவை மிசுனோ அயர்ன்கள், மிசுனோவோடு அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. நைக்கி கிளப் தொழிலை விட்ட பிறகு சுதந்திரமாக நின்ற புரூக்ஸ் கெப்கா, மிசுனோவின் ஜேபிஎக்ஸ் 900 டூர் அயர்ன்களைத் தாமாகத் தேர்ந்தெடுத்து 2017 யூஎஸ் ஓப்பனை வென்றார். மறுஆண்டில் யூஎஸ் ஓப்பனும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் சேர்ந்தன.

இப்படி ஒருவர் வாய்க்க வேண்டுமானால், போட்டி நடக்கும் இடத்தில் உங்கள் பட்டறை வண்டியும் கை தேர்ந்த கிளப் தொழிலாளியும் வாரம் தவறாமல் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவர் வந்து கேட்டாலும், ஒப்பந்தக்காரருக்குச் செய்யும் அதே கவனத்தோடு செய்து கொடுங்கள். அவர் வென்றால் பதற்றப்பட்டு அவர் படத்தோடு விளம்பரம் போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தமில்லாமல் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் வழக்கு வரும், வீரரின் நல்லெண்ணமும் போகும். அந்த மாடலின் பெயரையும் அளவுகளையும் மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பத்திரிகைகள் எழுதிக்கொள்ளும்.

ஒப்பந்தம் போடுவதானாலும் பையை முழுதாக மாற்றச் சொல்லாதீர்கள். ரோரி மெக்கில்ராய் 2013 தொடக்கத்தில் நைக்கிக்கு மாறினார். முதல் போட்டியான அபுதாபியில் இரண்டாம் சுற்றிலேயே பழைய பட்டருக்குத் திரும்பினார், அப்படியும் அடுத்த சுற்றுகளுக்குத் தேறும் 'கட்'டைத் தாண்டவில்லை. உலகமே அதைக் கிளப்பின் குறையாகப் படித்தது. பத்து அல்லது பதினொன்று கிளப் போதும் என்று எழுதுங்கள். பட்டரையும் பந்தையும் அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

ஃபிட்டிங்: பெயர் உண்மையில் உருவாகும் இடம்

மிசுனோ செய்தவற்றில் மற்ற நிறுவனங்கள் அதிகம் கற்க வேண்டியது ஷாஃப்ட் ஆப்டிமைசர். அளவுக் கருவி பொருத்திய கிளப்பை மூன்று முறை வீசினால் போதும். தலை வேகம், வீச்சின் தாளம், தலை கீழே சாயும் அளவு, ஷாஃப்ட் வளையும் விதம், அது விடுபடும் தருணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஷாஃப்ட்டுகளைப் பரிந்துரைக்கும். கடைக்காரரின் ஊகத்துக்குப் பதிலாக ஓர் அளவு வந்தது. அதைவிட முக்கியம், அந்தக் கருவியைக் கையாளும் பயிற்சியாளர் தன்னை அறியாமலே மிசுனோவின் தூதுவர் ஆனார்.

இந்த வேலைக்குக் குறைந்தபட்ச அமைப்பு இது: 7-ஆம் எண் அயர்னில் எல்லா மாடல் தலைகளும், எடையிலும் விறைப்பிலும் வேறுபடும் பத்துப் பன்னிரண்டு ஷாஃப்ட்டுகளும், திருகி மாற்றும் இணைப்பும் கொண்ட ஒரு வண்டி. தரையில் லை பலகை, முகத்தில் ஒட்டும் நாடா, பந்தின் பாதையை அளக்கும் கருவி. வரிசை தவறக் கூடாது. முதலில் நீளம், பிறகு ஷாஃப்ட், அடுத்து தலை, கடைசியாக லை. லை கோணத்தை முதலில் பார்த்துவிட்டு ஷாஃப்ட்டை மாற்றினால் செய்த வேலை வீண். மூன்று பந்தில் முடிவு செய்யாதீர்கள், தலையும் ஷாஃப்ட்டும் சேர்ந்த ஒவ்வொரு சேர்மானத்துக்கும் குறைந்தது ஆறு நல்ல அடிகளாவது வேண்டும். வந்தவர் களைத்த பின் எடுக்கும் அளவுகளை நம்ப வேண்டாம்.

ஃபிட்டிங்கில் சொன்னதும் வீட்டுக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பெயர்கள் கெடுகின்றன. 2 டிகிரி நிமிர்த்தச் சொன்ன லை நிமிர்த்தப்படாமலே வந்தால், அவர் அடிக்கும் பந்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். அளந்த தாளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். தாமதமானால், அவர் கேட்கும் முன் நீங்கள் சொல்லுங்கள்.

லாஃப்ட் விஷயத்தில் நேர்மை வேண்டும். பழைய பாணி 7 அயர்ன் 34 டிகிரி. தூரம் காட்டுவதற்காக இன்று 28 வரை இறக்கிவிட்டார்கள். பந்து உயரமாக எழும்படி எடையைக் கீழே வைத்தால் இது தவறில்லை. ஆனால் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு வந்துவிடுவதால், அடுத்த 54 டிகிரி வெட்ஜ் வரை பெரிய ஓட்டை விழும். நடுவே 48 அல்லது 49 டிகிரியில் ஒன்று தேவை என்பதை விற்கும்போதே சொல்லுங்கள். இல்லாவிட்டால் 100 கஜத்தில் திணறும் வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டுவார்.

பெயரும் விலையும்

பேரங்காடியில் முழு செட்டாக விற்கும் பெட்டியிலும், தேர்ந்த ஆட்டக்காரரின் அயர்னிலும் ஒரே முத்திரை இருந்தால் மேலே உள்ளது கீழே இறங்கும். வில்சன் தன் உயர்வரிசையை 'ஸ்டாஃப்' என்று பிரித்து வைத்தது இதற்காகவே. 2019 யூஎஸ் ஓப்பனை கேரி உட்லண்ட் வென்றதும் ஸ்டாஃப் மாடல் பிளேடுகளால்தான் (மெல்லிய தலை கொண்ட, தேர்ந்தவருக்கான அயர்ன்கள்). மிசுனோவிலும் எம்பி தேர்ந்தவருக்கு, ஜேபிஎக்ஸ் மற்றவருக்கு என்ற கோடு நெடுங்காலம் இருந்தது.

அயர்னுக்கு இரண்டு ஆண்டுச் சுழற்சியை விடாமல் பிடியுங்கள். டெய்லர்மேடு அடுத்தடுத்து டிரைவர்களை இறக்கியதில் கடைகளில் சரக்கு தேங்கி, 2014-இல் விற்பனை கடுமையாகச் சரிந்தது. முழு விலை கொடுத்தவர் ஆறு மாதத்தில் அதே கிளப்பைப் பாதி விலையில் பார்த்தால், அடுத்த முறை காத்திருக்கவே செய்வார். புதிய மாடல் வரும் மூன்று மாதத்துக்கு முன்பே உற்பத்தியைக் குறையுங்கள். மிச்சத்தை ஃபிட்டிங் மையங்களுக்குச் செய்முறைக் கிளப்பாகக் கொடுத்துவிடலாம்.

அடுத்த வாசல்

அயர்னில் பெயர் வந்தபின் டிரைவர் தானாக விற்கும் என்று நினைக்க வேண்டாம். மிசுனோவே அதில் நீண்ட காலம் திணறியது. "அயர்ன் அவர்களுடையது, டிரைவர் வேறொருவருடையது" என்று ஆட்டக்காரர்கள் பழகிவிட்டார்கள். அங்கே கையில் உணரும் நயம் எடுபடாது, அளவுக் கருவியில் வரும் எண்தான் பேசும். ஆகவே விளம்பரத்தில் தொடங்காமல், உங்கள் அயர்னை நம்பும் ஃபிட்டர்களிடமே முதலில் கொடுங்கள். வாடிக்கையாளரின் தற்போதைய டிரைவரோடு ஒரே ஷாஃப்ட்டில், ஒரே நீளத்தில் ஒப்பிடச் சொல்லுங்கள். நீளம் அரை அங்குலம் கூடினாலே வேகம் கூடியதுபோல் காட்டும், வீட்டுக்குப் போனதும் அது சிதறும். ஒப்பீட்டில் தோற்றால் அதைப் பதிவு செய்து வடிவமைப்பாளருக்கு அனுப்புங்கள், விற்க முயலாதீர்கள். பந்து, பட்டர் பற்றிய பேச்சை அடுத்த சுழற்சிக்குத் தள்ளி வையுங்கள்.